குருவி அடையும் மரத்தடியில் இஸ்திரிக் கடை

பிள்ளைகளா, இதை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தமிழ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தது ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை வாசிக்கும் அளவுக்குத்தான். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீளமாக எழுதினால் நடுவில் எனக்கே வழி தவறிவிடும்.

எழுதுவது குருவிகளைப் பற்றி. மாட்டுங்காவில் நம் கடைக்கு மேலே, தூங்குமூஞ்சி மரத்தில், குளிர்காலம் முழுக்க அடைகிற குருவிகள். நீங்கள் பார்த்ததெல்லாம் அவை சாயங்காலம் வந்து இறங்குவதை. விடியற்காலையில் அவை போவதை நம் வீட்டில் நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி ஆனது என்பதும் உங்களுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். எனக்குக் கை வலி இருக்கிறது. எழுதி முடிக்கப் பல நாள் ஆகும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நம் கடை என்பது ஒரு மேசை. அதன் மேல் மடித்துப் போட்ட பழைய கம்பளி, கம்பளி மேல் வெள்ளைத் துணி. பித்தளை இஸ்திரிப் பெட்டி ஒன்று, கரி மூட்டை ஒன்று, தண்ணீர் தெளிக்க ஒரு சொம்பு. பின்னால் அந்தக் கட்டடத்தின் காம்பவுண்டு சுவர். தலைக்கு மேல் மரம். வாடகை இல்லை, கையில் எந்தக் காகிதமும் இல்லை. கட்டடத்தில் இருப்பவர்கள் ‘இருக்கட்டும், நம்ம துணியைத் தேய்க்கிறவன்தானே’ என்று விட்டுவைத்திருக்கும் வரைக்கும் அது கடை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது வெறும் நடைபாதை.

தீபாவளி முடிந்து, பம்பாய்க்காரர்கள் குளிரே இல்லாத குளிருக்கு ஸ்வெட்டரை வெளியே எடுக்கிற சமயத்தில் அந்தக் குருவிகள் வரும். மைனா அளவுதான் இருக்கும். தலையும் இறக்கையும் கறுப்பு. உடம்பு ரோஜா நிறம் என்பார்கள். வந்த புதிதில் பார்த்தால் ரோஜாவெல்லாம் தெரியாது. பல தடவை வெளுத்த பழைய ரவிக்கையின் நிறம்தான். மாசி பங்குனியில்தான் நிறம் ஏறும். அப்படி நிறம் ஏறினால் கிளம்பப் போகின்றன என்று அர்த்தம்.

மூத்தவளே, நீ அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து கரி மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வாய். வீட்டுப்பாடம் மடியில் கிடக்கும், கண் மேலே இருக்கும். வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும்போது முதலில் ரயில்வே லைன் பக்கமிருந்து ஒரு கூட்டம் வரும். பிறகு சயான் பக்கமிருந்து ஒன்று. எல்லாம் சேர்ந்து மரத்துக்கு மேலே சுற்றும். ஈரத் துணியை உதறும்போது அதில் ஒரு மடிப்பு ஓடும் அல்லவா, அந்த மாதிரி அந்தக் கூட்டத்துக்குள் ஒரு மடிப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். அப்புறம் யாரோ கீழே பிடித்து இழுத்ததைப் போல மொத்தமும் மரத்துக்குள் இறங்கிவிடும். இறங்கியதும் ஆரம்பிக்கும் சத்தம். பக்கத்தில் நின்று பேசினாலும் காது கேட்காது.

கேட்டில் இருந்த உத்தரப் பிரதேசத்து வாட்ச்மேன் தினமும் ஒரே கேலியைச் செய்வார். “அண்ணா, ஆ கயா தேரா பாராத்!” உன் கல்யாண ஊர்வலம் வந்துவிட்டது என்பார். ஊர்வலம் வந்ததும் நான் ஓடி ஓடித் துணிகளை மூடுவேன். அவர் பீடியை இழுத்தபடி சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கிறவர்கள் சிலர் வந்தார்கள். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி. அதில் செம்பூரிலிருந்து வந்த ஒரு மாமா, ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனவர், நம் தமிழைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். பைனாகுலரைக் கழற்றி உன் கழுத்தில் மாட்டினார்.

“நன்னாப் பாரும்மா. கீழ் கிளையில பாரு. ரோஸி ஸ்டார்லிங். தமிழ்ல சூறைக்குருவின்னு சொல்லுவா.”

“வாட்ச்மேன் அங்கிள் குலாபி மைனான்னு சொன்னாங்க.”

“அதுவும் சரிதான்.”

“எங்க ஊருல சோளக்குருவிம்போம்” என்று நானும் சொன்னேன். சோளம் முற்றும் நேரத்தில் இறங்குவதால் அந்தப் பெயர்.

“ஒரே குருவிக்கு எத்தனை பேருப்பா!” என்றாய் நீ. பைனாகுலரை நீ திருப்பித் தர வெகு நேரமானது. அவரும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். அந்தக் குருவிகள் கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து வருகின்றன என்று அவர்தான் சொன்னார். அன்று ராத்திரி சாப்பிடும்போது நீ அதை வீட்டில் சொன்னதும் உங்கள் அம்மா கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“நமக்கு திருநவேலிக்கு ஒரு டிக்கெட் கன்பார்ம் ஆக மாட்டேங்கு. அதுக எப்படித்தான் மொத்தமா கெளம்பி வருதுகளோ!”

இளையவள் அதற்கு, “அதுங்க ஜெனரல்ல வருதும்மா” என்றாள்.

அந்த வருஷம்தான் தொந்தரவு வந்தது. சூறைக்குருவி பகலெல்லாம் எங்கெங்கோ ஆலம்பழம் தின்றுவிட்டு வரும். அதன் எச்சம் காக்காவின் வெள்ளை எச்சம் போல இல்லை. ஊதா நிறத்தில் விழும். பருத்தியில் விழுந்தால் ஊறவைத்துப் பார்க்கலாம். பட்டில் விழுந்தால் போனதுதான். மார்கழி வரப்போகிற சமயம். மூன்றாம் மாடி மாமியின் பேரனுக்குத் தை மாதம் பூணூல். அதற்கு எடுத்த வெள்ளைப் பட்டு வேஷ்டியைத் தேய்த்து மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளை எடுக்கத் திரும்பினேன். கூட்டம் வந்துவிட்டது. ஒரே ஒரு சொட்டுதான். மடிப்பின் நடுவில், ஜரிகைக்குப் பக்கத்தில் விழுந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

மாமி படி இறங்கி வந்தார். அவர் கோபப்பட்டுப் பேசியிருந்தால் தேவலை. “பட்டு வேஷ்டிப்பா” என்றார். “குழந்தைக்குன்னு நானே கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தது.” அவ்வளவுதான். வேஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட் பக்கத்துத் திண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே போனார்.

அடுத்த நாள் கட்டடத்தில் இருப்பவர்களின் சொசைட்டி செகரட்டரி வந்தார். அவர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். பேங்க்கில் வேலை பார்த்தவர். கையில் அந்த வேஷ்டி.

“இது என்னன்னு பாரு.”

“குருவி எச்சம் சார்.”

“குருவி எச்சம்னு நேக்குத் தெரியாதா? என் கார் மேல தினம் கோலம் போடறதே! இதோ பாரு, நான் ஒண்ணும் ராட்சசன் இல்லை. மீட்டிங்ல எல்லாரும் என்னைத்தான் பிடுங்கறா. கார்ல எச்சம், துணியில எச்சம், வாக்கிங் போறவாளுக்கு வழுக்கறது. ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, மரத்துல கிளையெல்லாம் கழிச்சு விடணும். இல்லேன்னா நீ வேற எடம் பாத்துக்கணும்.”

“சார், கிளைய வெட்டினா நிழல் போயிரும் சார். ஏப்ரல் மே வெயில்ல கரிப்பெட்டியோட நிக்க முடியாது.”

“அப்போ துணி கெடாம பாத்துக்கோ. ஹோலி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள இன்னொரு துணி வீணாச்சுன்னு யாராவது எங்கிட்ட வந்தா, கிளையும் போகும், கடையும் போகும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதே.”

ஹோலி வரும்போதும் அந்தக் குருவிகள் இருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதாவது அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுகூட ஒரு துணியிலும் விழக் கூடாது. விழுந்தால் நமக்கு அந்த மேசை இல்லை. ஆண்டாப் ஹில்லில் ஓர் இடம் கேட்டுப் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வயிற்றில் நான் எப்படி அடிப்பது?

உள்ளதைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குக் குருவி மேல் பிரியம் ஒன்றும் இல்லை. நிழல் மட்டும் மிச்சமாகுமென்றால், குருவியைக் கொண்டுபோய் அரபிக்கடலில் விட்டுவிட்டு வாருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நீ சாப்பாட்டில் கையை வைத்தபடியே இருந்தாய்.

“மரத்த வெட்டுனா அதுங்க எங்கப்பா போகும்?”

“அதுகளுக்கு வேற மரமா கெடைக்காது? நமக்குத்தான் வேற எடம் கெடைக்காது.”

“குருவிக்கு டயபர் கட்டிருவோம்ப்பா” என்றாள் இளையவள். யாரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

உங்கள் அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “ஏங்க, அதுக வார நேரத்துல நீங்க ஏன் அங்கன நிக்கிய?”

“பின்ன? சாயந்திரம்தான வேலயே.”

“அதுக சாயந்திரம் வந்து வெடியக்காலம் போகுது. நீங்க வெடியக்காலம் போயி, அதுக வாரதுக்கு முன்ன வந்துருங்க. அதுக்கும் நமக்கும் ஒரே மரந்தான? ஷிப்ட் மாத்திக்கிட வேண்டியதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் நின்றவனுக்கு இது தோன்றவில்லை. ஆனால் சொல்வது லேசு. ஆபீஸ் போகிறவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் துணி கொடுப்பார்கள். காலையில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பார்கள். அந்தச் சாயங்கால வேலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதற்கும் உங்கள் அம்மாதான் ஒரு வழி செய்தாள். பொழுது சாய்ந்த பிறகு அவள் அந்தக் கட்டடத்தின் மாடிப்படி எல்லாம் ஏறி இறங்கித் துணி வாங்குவாள். பழைய சேலையில் வீட்டுக்கு ஒரு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, ரயில் பாலம் ஏறி இறங்கித் தாராவியில் நம் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் விடிவதற்கு முன்பு அதே மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அதே பாலம் ஏறிப் போவேன். ஆபீஸ்காரர்கள் குளித்து வருவதற்குள் தேய்த்துக் கொடுக்க வேண்டும். பகலில் மிச்ச வேலை. வெயில் தாழ்வதற்கு முன்னால் மேசையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். உங்கள் அம்மாவின் முழங்கால் அந்தக் குளிர்காலத்தில்தான் வலிக்க ஆரம்பித்தது. இன்றும் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். நான் பார்த்தால் விட்டுவிடுவாள்.

விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நடைபாதை முழுக்க எச்சம். குழாயில் தண்ணீர் பிடித்து, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகுதான் மேசையைப் போட முடியும். தேய்க்கிற வேலைக்கு முன்னால் தேய்த்துக் கழுவுகிற வேலை. வாட்ச்மேன் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தார். ஊர்வலம் போன பிறகு பந்தலைக் கழுவுவது மாப்பிள்ளை வீட்டார் வேலை என்பார்.

இப்படிக் கடை காப்பாற்றப்பட்டது. மரமும் நின்றது. ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நீ வந்து சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

“அப்பா, அதுங்களுக்காக நாம கடைய மூடுறோம். ஆனா எனக்குத்தான் அதுங்கள பாக்க முடியல.”

நிஜம்தான். கடை இல்லாத மரத்தடியில் இருட்டும் நேரத்தில் நீ தனியாக என்ன செய்வாய்? உன் அம்மா ஒரே வார்த்தையில், “இருட்டுனப்புறம் அங்கன ஒனக்கு என்ன சோலி?” என்று முடித்துவிட்டாள். அவள் துணி வாங்கப் போகும்போது அழைத்துப் போகச் சொன்னேன். அதற்குள் குருவிகள் இறங்கி இருட்டாகிவிடும், சத்தம் மட்டும்தான் கேட்கும். “வெடியக்காலம் என்கூட வா. அதுக கெளம்புறதப் பாக்கலாம்” என்றேன். சரி என்றாய். மறுநாள் எழுப்பினேன். “பாஞ்ச் மினிட்ப்பா” என்று போர்வையை இழுத்துக்கொண்டாய். அதற்கடுத்த நாளும் அதே ஐந்து நிமிஷம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கிறிஸ்துமஸ் லீவில் ஒரு நாள் நடந்ததுதான் முக்கியம். நீங்கள் இரண்டு பேரும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டு, லீவுதானே என்று அங்கேயே இருந்துவிட்டீர்கள். காலையிலிருந்தே கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. அந்த மாதத்தில் பம்பாயில் மழை வராது. ஆனால் சில வருஷம் காலம் தவறி இப்படி மூட்டம் போடும். அன்று வேலை அதிகம். அதே மூன்றாம் மாடி மாமி, வேஷ்டி போன பிறகும் நம்மை விடாத மனுஷி, பேரன் பூணூலுக்குக் கட்டுகிற ஒன்பது கஜப் பட்டுச் சேலையைக் கொடுத்திருந்தார். “இதையும் ஒங்கிட்டதான் தரேன். பாத்துக்கோ” என்று சொல்லித்தான் கையில் தந்தார். அரக்கு நிறம். அதைத் தேய்ப்பது லேசில்லை. நீளத்துக்குப் பாதியைத் தேய்த்து, அதை மடித்து மேசையில் தள்ளி, மறுபாதியை இழுத்துப் போட வேண்டும்.

பாதி முடிந்திருந்தது. வெயில் தாழ இன்னும் வெகு நேரம் இருந்தது. மேகம் கறுத்தது. நான் அண்ணாந்தேன். அப்போதுதான் ரயில்வே லைன் பக்கம் முதல் கூட்டம் தெரிந்தது. மேகம் போட்ட நாளில் குருவி சீக்கிரமே அடைய வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவை பார்ப்பது வெளிச்சத்தை. நான்தான் முட்டாள்தனமாக மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டுச் சேலை மேசையில் விரிந்து கிடக்கிறது. பெட்டிக்குள் கனல். சூட்டோடு சேலையைச் சுருட்டினால் மடிப்பு விழும், ஜரிகை முறியும். விரித்தபடி விட்டால் மேலே விழும். “ஏ புள்ள, தாள எடு!” என்று கத்தினேன். நீ நீல பிளாஸ்டிக் தாளை இழுத்து வந்தாய். ஒரு பக்கத்தைச் சுவரில் இருக்கிற ஆணிகளில் மாட்டினேன். மற்ற பக்கத்து மூலை ஒன்றை நீ பிடித்தாய், ஒன்றை நான் பிடித்தேன். பெட்டியை இளையவள் எட்டாத இடத்தில் கீழே வைத்தேன். அவள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

வந்தன. தாளுக்கு மேல் மழை பெய்வது போலத் தடதடவென்று சத்தம். தாள் தாழ்ந்தால் சேலையில் பட்டுவிடும். கையைத் தூக்கிப் பிடித்தே நின்றோம். காலையிலிருந்து பித்தளைப் பெட்டியைத் தள்ளிய கை. தோளுக்குள் ஏதோ ஒன்று அறுந்துவிடும் போல வலித்தது.

“விட்ராத, கெட்டியா பிடி. இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். நீ தாளுக்கு அடியில் நின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். மேலே நீல பிளாஸ்டிக்தான் தெரிந்தது. அத்தனை குருவிகளும் தலைக்கு மேலே சுற்றுகின்றன. நீ பார்ப்பது பிளாஸ்டிக்கில் ஓடுகிற நிழலை. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வந்திருக்கிறாய்.

“அந்த மூலைய என் கையில குடு” என்றேன்.

“முடியாதுப்பா, ஒங்களுக்கு எட்டாது.”

“எட்டும். குடுத்துட்டு வெளிய போயிப் பாரு.”

“சாடி?” என்றாய், சேலையைச் சொன்னாய்.

“சாடியெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். போ மக்ளே. எறங்கிருச்சுன்னா அப்புறம் ஒண்ணும் தெரியாது.”

இரண்டு மூலையும் என் இரண்டு கையில். மேசையின் அகலத்துக்குக் கையை விரித்து, தலையையும் தாளுக்குக் கொடுத்து நின்றேன். கிழிந்த பாயைக் காயப்போட்ட மாதிரி நின்றிருப்பேன். நீ வெளியே ஓடிப் போய் ரோட்டோரத்தில் நின்று அண்ணாந்தாய். மேகம் கறுப்பு, அதற்குள் குருவிகள் இன்னும் கறுப்பு. உன் வாய் திறந்திருந்தது. என்னால் மேலே பார்க்க முடியவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த மடிப்பு வானத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உன் முகம் திரும்பியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மறுபடியும் இந்தக் கோடிக்கு.

மேசைக்கு அடியிலிருந்து இளையவள் கத்தினாள். “அக்கா தலையில ஒண்ணு! அக்கா தலையில ரெண்டு!” நீ துடைக்கவே இல்லை.

எல்லாம் மரத்துக்குள் இறங்கிய பிறகு வாட்ச்மேன் வந்து தாளின் இரண்டு மூலைகளையும் கயிறு போட்டு மரத்தில் கட்டினார், தாளில் தேங்கியதெல்லாம் என் மேல் வழிந்தது. கை கீழே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் விறைத்தே நின்றது. செகரட்டரி எப்போது வந்தாரோ, கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தாளுக்கு அடியில் குனிந்து நேரே மேசைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேனிடம் டார்ச் வாங்கி, ஒன்பது கஜத்தையும் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரைக்கும் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லை” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் சட்டை, தோள், தலை எல்லாம் ஊதா. “உள்ள போய்க் குளிச்சுட்டுப் போறயா? வாட்ச்மேன் ரூம்ல குழாய் இருக்கு.”

“வேண்டாம் சார். வீட்டுக்குப் போயித்தான்.”

“ம்” என்றார். போகும்போது உன்னைப் பார்த்து நின்றார். “அப்படி என்னடி பொண்ணே இருக்கு அதுல?”

நீ தலையில் எச்சத்தோடு, “நாளைக்கு நீங்களும் வந்து பாருங்க அங்கிள்” என்றாய். அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். அப்போது பார்க்க ஒன்றும் இல்லை. மரம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

ஹோலி வந்தது, போனது. யாரும் புகார் சொல்லவில்லை. கிளை வெட்டுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேசை அங்கேயே இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் நமக்கு இந்த ஷிப்ட்தான். மேகம் போட்ட நாளில் இன்னும் சீக்கிரம் கடையைக் கட்டிவிடுகிறேன்.

இனி நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன்.

நான் போகும்போது இருட்டாகத்தான் இருக்கும். தெருவிளக்கு எரியும். மரம் இலையை மூடித் தூங்கும், அதற்குள் குருவியும் தூங்கும். நான் மூட்டையை இறக்கிவிட்டு, சத்தம் போடாமல் கரியைப் பற்றவைப்பேன். முதலில் ஒன்று கீச்சென்னும். இன்னொன்று பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்க ஒரே இரைச்சல், தண்ணீர் வந்த குழாயடி மாதிரி. வானம் சாம்பல் நிறத்துக்கு வரும்போது அந்த இரைச்சல் திடீரென்று நின்றுவிடும். ஏன் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியில் தூரத்து ரயில் சத்தம் தெளிவாகக் கேட்கும். அப்போது கையில் என்ன இருந்தாலும் வைத்துவிடுவேன். ‘உஸ்’ என்று ஒரு சத்தம், கனல் மேல் தண்ணீர் தெளித்த மாதிரி. ஒரு பகுதி கிளம்பிவிடும். மிச்சம் அப்படியே இருக்கும். மறுபடி இரைச்சல், மறுபடி அமைதி, மறுபடி ‘உஸ்’. தவணை தவணையாகத்தான் போகும். சாயங்காலம் போலச் சுற்றுவது, விளையாடுவது எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களைப் போல நேராகப் போய்விடும். கடைசித் தவணை போன பிறகு கிளைகள் கொஞ்சம் மேலே எழும்பும். அத்தனை பாரம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அதற்கப்புறம் இலை விரியும், நான் துடைப்பத்தை எடுப்பேன்.

அவ்வளவுதான். இதைத்தான் இத்தனை வருஷமாகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழகாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் தூக்கம் கண்ணைக் கட்டும். முதுகு வலிக்கும். பாதி நாள் சுவரில் சாய்ந்தபடிதான் பார்க்கிறேன். நீங்கள் பார்த்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

இந்த வருஷம் பங்குனி முடிகிற நேரத்தில் அவை நல்ல நிறம் ஏறி இருந்தன. என்றைக்குக் கடைசி நாள் என்பது அன்றைக்குத் தெரியாது. வழக்கம் போலத் தவணை தவணையாகப் போயின. மறுநாள் போனேன். மரம் சத்தமே இல்லாமல் இருந்தது. கரியைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெளிச்சம் வந்த பிறகு கீழே பார்த்தேன். நடைபாதை காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. கழுவ ஒன்றும் இல்லை. துடைப்பத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மூத்தவளே, நீதான் எடுத்தாய். சயானில் காலேஜ் போகிறவள், ராத்திரி வெகு நேரம் படித்த குரல்.

“அதுக போயிட்டுதுக மக்ளே.”

“ஒரு நாளாவது என்னை எழுப்பியிருக்கலாம்லப்பா?”

“எழுப்புனேனே.”

“எப்ப?”

“தெனமும்.”

அது பொய் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும், ஒவ்வொரு நாளும், மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் உன் பக்கத்தில் குனிந்து கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். தூங்குகிற பிள்ளையைச் சத்தமாகக் கூப்பிட எனக்கு வரவில்லை. எனக்கே அந்த நேரத்தில் யாராவது, ‘நீ படுத்துக்கோ’ என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

பின்னாலிருந்து உங்கள் அம்மா குரல் கேட்டது. “அப்பம் இன்னைக்கு சாயந்திரம் கடை உண்டான்னு கேளு. நான் படி ஏற வேண்டாம்லா?”

“உண்டு. அம்மைய உக்காரச் சொல்லு” என்றேன்.